ஆறு குழிகள்

ஆறு குழிகள் இருந்தன. செண்பகத்தோப்பிலிருந்து ஓடையோரமாக ஒரு மணி நேரம் ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்குமுன் எண்ணிவிட்டேன். சுற்றிலும் புல் அப்படியே நின்றது. பக்கத்துப் புதரில் ஓர் இலைகூடக் கசங்கவில்லை. என் ஆறு செடிகளை மட்டும் வேரோடு காணவில்லை.

ராஜபாளையத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறவள் நான். டிசம்பரில் இங்கே அந்த வெளிர் ஊதாப் பூவைப் பார்த்தபோது, தெரிந்த எந்தச் செடியோடும் அது ஒத்துப்போகவில்லை. புதிய இனம் என்று சொல்லப் பூ மட்டும் போதாது. இதழை அளக்க வேண்டும், இலையின் அடியிலுள்ள மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும், உறவுச் செடிகள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். காயும் விதையும் கிடைத்தால்தான் விவரிப்பு முழுமையாகும். ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்திருந்தேன். வைக்கப்போகும் பெயர் காலத்துக்கும் அந்தக் காய்ந்த கிளையைச் சான்றாகப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். காய்க்காக ஏழு வாரம் காத்திருந்தேன். பூ உதிர்ந்தபின் அடையாளம் தவறிவிடக் கூடாதே என்று ஆறு செடிக்கும் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன்.

ஓடைக்கு அப்பால் காட்டை மூடும் களையான உண்ணிச்செடியைப் பிடுங்கும் கூலி வேலையில் இருந்த வெள்ளத்தாய் மண்வெட்டியோடு வந்தாள்.

“ஏம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிய?”

“இங்கன இருந்த செடிய யாரு பிடுங்குனது?”

“நாந்தான், நேத்து. ரிப்பன் கட்டுன தூரெல்லாம் பிடுங்கணும்னு சூப்பர்வைசர் சொல்லிருக்காவ. இது உண்ணி மாதிரி இல்லையேன்னு கூட வேல பாக்குற பாண்டிசெல்விகிட்ட கேட்டேன். ‘ஏட்டி, நீ எம்புட்டுப் படிச்சிருக்க? படிச்சவிய கட்டிருக்காவ, பிடுங்கு’ன்னுட்டா.”

“நாந்தான் கட்டுனேன்.”

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “எதுக்கு?”

“யாரும் பிடுங்கிரக் கூடாதுன்னு.”

பிடுங்கிய உண்ணி மண்ணில் பட்டால் மறுபடி துளிர்க்கும். அதனால் வேர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாக அடுக்கிக் காயவிடுவார்கள். அந்தக் குவியலை இருவரும் கலைத்தோம். ஐந்து செடிகள் வெயிலில் காய்ந்து சுருண்டிருந்தன. அடியில், நிழலில் கிடந்த ஆறாவதன் வேரில் ஈரம் இருந்தது. மிளகளவில் மூன்று காய்கள். ஒன்றை நகத்தால் பிளந்தேன். உள்ளே விதை வெள்ளையாக, பிஞ்சாக இருந்தது.

வெள்ளத்தாய் தன் குடிதண்ணீரை முழுவதும் வேரில் ஊற்றினாள்.

“செத்த நேரம் பிடிங்கம்மா, குழிய ஆழமாக்கித் தாரேன். தண்டு நெரியுது, மொதல்ல அந்த ரிப்பன அவுத்துருங்க.”

அவிழ்க்கப் பார்த்தேன். காற்றுக்கு அவிழ்ந்துவிடக் கூடாதென்று நானே போட்ட இரட்டை முடிச்சு. நனைந்து இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினேன். அவள் மண்வெட்டி மண்ணில் இறங்கிக்கொண்டே இருந்தது.