சிவப்புப் புள்ளி இல்லாத பிளக்

ஆரணி என்று பெயர் வைத்த ரயில் நிலையம்கூட ஆரணியை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது என்றால் அதற்குத் திருமலையின் கிறுக்கைத்தான் சொல்ல வேண்டும். கண்ணமங்கலத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்ப்பவன், நாற்பத்திரண்டு வயது ஆள். வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தலில் ஆரம்பித்துக் கொய்யா மரத்தைச் சுற்றிக்கொண்டு வரும்படி தண்டவாளம் போட்டிருந்தான். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்த ஒரு பொம்மை இன்ஜினை வாங்கி வந்ததில் தொடங்கிய விவகாரம். நான்கு வருஷத்தில் மூன்று பெட்டி, ஒரு சுரங்கம், சின்னதாக ஒரு பாலம் என்று வளர்ந்து நின்றது.

தோட்டத்து ரயிலைப் போடுவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. மழை பெய்தால் ஜல்லி கரைந்து தண்டவாளம் ஒரு பக்கம் இறங்கிவிடும். சுரங்கத்துக்குள் எறும்பு புற்று வைக்கும். சேலையில் ஒட்டிக்கொண்டு வந்த ஜரிகைத் துணுக்கு ஒன்று தண்டவாளத்தின் குறுக்கே விழுந்தால் போதும், ரயில் அங்கேயே படுத்துக்கொள்ளும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டது அவன் மனைவி ரேணுகாதேவி. முதல் வருஷம் முழுக்க, வளர்ந்த ஆளுக்கு இது தேவையா என்று தலையில் அடித்துக்கொண்டவள் அவள். இப்போது பதினொரு மணிக்குத் தறியை விட்டு எழுந்து, வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போய், செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, ரயிலை ஆறு சுற்று ஓட்டிவிட்டுத்தான் டீயே குடிக்கிறாள். நடுவில் நின்றால் கையால் தள்ளிவிடுவாள். தண்டவாளத்தில் ஓடுவது வெறும் இருபது வோல்ட், தொட்டால் எறும்புகூடச் சாகாது என்று திருமலை சொல்லியிருந்தான். சொன்னது மட்டுமா, நம்பியும் இருந்தான்.

அந்த இருபது வோல்ட்டை அவன் எடுத்தது, ஃப்ரிட்ஜோடு வந்து பழுதாகிக் கிடந்த ஒரு ஸ்டெபிலைசரின் வயிற்றிலிருந்து. ஆரம்பத்தில் தண்டவாளத்தைத் தொட்டால் சில நாள் விரலில் சுர்ரென்றது, சில நாள் ஒன்றுமில்லை. இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் சொருகிப் பார்த்தான். ஒரு பக்கம் சொருகினால் சுர்ரென்றது, மறுபக்கம் சொருகினால் இல்லை. ரேணுகாவின் நகப்பாலிஷை வாங்கி, சரியான பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தான். புள்ளி மேலே இருக்கும்படி சொருக வேண்டும், சந்தேகம் வந்தால் லேசாகத் தொட்டுப் பார், சுர்ரென்றால் திருப்பிச் சொருகு என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்தான். பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட நினைப்பு அவனுக்கு. ஏன் சுர்ரென்றது என்று கேட்கும் புத்தி மட்டும் வரவில்லை.

அன்று புதன்கிழமை. முந்தின நாள் மழையில் தோட்டம் சொதசொதவென்று கிடந்தது. காலையில் பார்த்தால் பழைய பிளக் சூட்டில் கருகிப்போயிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினான். வேலைக்கு நேரமாகிவிட்டது. ஓட்டிப் பார்த்து வை என்று தறியில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். புதுப் பிளக்கில் புள்ளி வைக்கவில்லை.

பத்தரை மணிக்கு நிலையத்தில் பால் சோதிக்கும் மெஷினின் ஸ்டெபிலைசர் புகைந்தது. ரிப்பேருக்கு வந்த ஹேமநாத் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். திருமலை பக்கத்தில் குந்தி, இந்த மாதிரி ஒன்றில்தான் தன் ரயில் ஓடுகிறது என்று பெருமையாகச் சொன்னான். ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்திருந்த ஹேமநாத்தின் கை நின்றுவிட்டது.

"அண்ணா, இதுல ஒரே கம்பிச் சுத்துதான் இருக்குது. செவுத்துல வர்ற கரண்ட்டு தடுப்பே இல்லாம நேரா வெளிய வருது. பிளக்கு ஒரு பக்கம் இருந்தா ஒண்ணும் ஆவாது. திருப்பிச் சொருவுனா ரெண்டு தண்டவாளத்துலயும் இருநூத்து முப்பது வோல்ட் நிக்கும். ஈரத்துல நின்னுகினு தொட்டா ஆளு போயிடும்ணா."

திருமலை எழுந்துவிட்டான். ஆரம்பத்தில் விரலில் சுர்ரென்றது என்ன என்று இப்போது தெரிந்தது. அவன் போட்டிருந்த ரப்பர் செருப்பால் அது சுர்ரென்பதோடு நின்றிருக்கிறது. ரேணுகா செருப்புப் போட மாட்டாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

போன் அடித்தான். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான், மறுபடியும். பட்டுநூலில் எண்ணெய்ப் பிசுக்கு படக்கூடாது என்று அவள் போனைத் தறிக்கு எட்டாத அலமாரியில்தான் வைப்பாள். தோட்டத்தில் இருந்தால் கேட்கவே கேட்காது. யாரிடமும் சொல்லாமல் பைக்கைக் கிளப்பினான். வழியில் ஓரமாக நிறுத்திப் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளுக்கு அடித்தான். அவள் முட்டி வலிக்காரி, எழுந்து போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் இவன் உயிர் பாதி போய்விட்டது.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை என்றாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள்.

"கொஞ்ச முன்னாடி ரயிலு ஓடிகினு இருந்த சத்தம் கேட்டுதுப்பா. இப்ப கேக்கல."

உள்ளே யாரும் போக வேண்டாம், அவளை யாரும் தொட வேண்டாம் என்று கத்திவிட்டு வைத்தான். வைத்த பிறகுதான், தொட வேண்டாம் என்று தான் சொன்னதன் அர்த்தம் அவனுக்கே உறைத்தது. அவள் விழுந்து கிடக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டான். ஷாக் அடித்தால் தானாக அணைகிற சுவிட்ச் ஒன்று வைக்கச் சொல்லி ஒயர்மேன் இரண்டு முறை சொல்லியிருந்தான். பாலம் கட்டுகிற மும்முரத்தில் அதைத் தள்ளிப்போட்டிருந்தான். பாலம், மண்ணாங்கட்டி. வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான். லாரிக்காரன் ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டி அசிங்கமாகத் திட்டியதுகூட அவனுக்கு ஏறவில்லை. வந்த வேகத்தில் இரண்டு இடத்தில் வண்டி மண்ணில் இறங்கி ஏறியது. அரை மணி நேரப் பாதை, எத்தனை நிமிஷத்தில் வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

தெருவில் கெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளைத் தாண்டி சந்து வழியாக ஓடி, மறுபக்கத்துப் படல் கதவுக்குச் சுற்றிப் போகப் பொறுக்காமல் பின்சுவரில் ஏறினான். மேலிருந்து பார்த்தபோது ரயில் சுரங்கத்துக்கு முன்னால் நின்றிருந்தது. வாளி சாய்ந்து கிடந்தது. சேற்றில் அவனுடைய ரப்பர் செருப்பு, ஒற்றையாக.

ரேணுகாவைக் காணவில்லை.

உள்ளே குதித்தான். தோட்டத்துச் சுவிட்ச் அணைந்திருந்தது, பிளக் கழன்று தொங்கியது. கொய்யா மரத்துக்குப் பின்னால் பார்த்தான், பந்தலுக்கு அடியில் பார்த்தான், வீட்டுக்குள் ஓடித் தறியைப் பார்த்தான். அலமாரியில் போன் மட்டும் இருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே மறுபடி தோட்டத்துக்கு ஓடினான்.

அப்போது தோட்டத்துப் படல் கதவு கிறீச்சிட்டது. ரேணுகா கையில் சின்னதாக ஒரு பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். கால் கெண்டை வரைக்கும் சேறு. இந்த நேரத்தில் இவன் இங்கே எங்கே வந்தான் என்று புருவத்தைச் சுருக்கினாள். அவன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கை சூடாக இருந்தது. சேற்றிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாங்க ஆச்சு?" என்றவள், பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். சிவப்பு நகப்பாலிஷ் புட்டி. "புது பிளக்குல புள்ளி இல்ல. நீங்க சொன்னாப்பலயே தொட்டுப் பாத்தேன். சுர்ருனு தூக்கிப் போட்டுது, வாளிகூட சாஞ்சிச்சு. திருப்பிச் சொருவினேன், நல்லா ஓடிச்சு. மறந்துடுமேன்னு புள்ளி வெக்கலாம்னு பாத்தா வீட்ல இருந்தது காஞ்சி போச்சு. அதான் கடைக்குப் போய் வந்தேன்."

அவள் குரலில் சரியாகச் செய்துவிட்ட பெருமை இருந்தது. திருமலைக்கு அதைக் கேட்கத்தான் தாங்கவில்லை.

"காலுல இன்னா போட்டுகினு இருந்த?"

"உங்க செருப்பு. ஒரே சேறா இருந்துச்சேன்னு இன்னிக்கித்தான் போட்டேன். போவும்போது வார் அந்து போச்சு, ஒண்ண அங்கயே வுட்டுட்டு, இன்னொண்ண படலாண்ட கழட்டிப் போட்டுட்டுப் போனேன்."

மழை பெய்யாமல் இருந்திருந்தால் வெறுங்காலில் நின்றிருப்பாள். அதற்கு மேல் நினைக்க அவனால் முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழுது முடித்த பிறகு ஹேமநாத் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான். இருபது வோல்ட் என்று தான் சொன்னது பொய்யாகிப்போனதையும், தொட்டுப் பார் என்று சொல்லிக் கொடுத்தவனே தான்தான் என்பதையும் சொன்னான்.

ரேணுகா தன் வலது கை விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போன வாரம் கெங்கம்மா பேத்தி வந்து இந்தத் தண்டவாளத்து மேலயே ஒக்காந்துகினு வெளையாடிச்சு," என்றாள்.

"அப்ப புள்ளி சரியா இருந்துச்சு, ரேணுகா."

"அந்தக் கொழந்தைக்குக் காவலா புள்ளி மட்டுந்தான் இருந்துச்சா?"

ஆமாம், புள்ளி மட்டும்தான் இருந்தது என்றான் திருமலை. அவள் புட்டியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, தெருவில் இன்னும் நின்றுகொண்டிருந்த கெங்கம்மாளைப் பார்க்கப் போனாள்.