எனக்கும் கேக்குதுங்க

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பிறவியிலேயே சாது. வாங்கிய நாளிலிருந்து ஒரு முனகல் கிடையாது. அந்தச் சாதுவுக்கு ஒரே வருடத்தில் கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டி, விசிறியை மாற்றி, பின்பக்கத் தகட்டுக்கு ரப்பர் கொடுத்து, நாலு காலுக்கும் அட்டை முட்டு வைத்து, கடைசியில் சமையலறையிலிருந்து ஹாலுக்கு இடமாற்றமும் செய்துவிட்டார் அப்பா. அதன் இடத்தில் அரசு ஊழியர் யாராவது இருந்திருந்தால் இடமாற்றத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயிருப்பார். ஃப்ரிட்ஜ் வாய் திறக்கவில்லை. அதுதான் விஷயமே.

அப்பா குளிர்கிடங்கில் மெக்கானிக். யானைக்குட்டி அளவுக்கு இருக்கும் கம்ப்ரஸர்களோடு ஒரே அறையில் குடித்தனம். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சுபோல ஒன்று கொடுப்பார்கள். அதை அப்பா சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருப்பார். "காதை அடைச்சுக்கிட்டா மிஷின் என்ன சொல்லுதுன்னு எப்படிடா தெரியும்?" என்பார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மிஷின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடுவார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு ஒட்டவில்லை என்று சொல்லிவிடுவார். டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப், அப்பாவுக்கு ஸ்க்ரூடிரைவர்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் தலையைச் சாய்த்தார்.

"ஃப்ரிட்ஜ் விசிலடிக்குது."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் சாய்த்த பக்கமே தன் தலையையும் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஆமாங்க. எனக்கும் கேக்குதுங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றேன் நான்.

"எந்நேரமும் காதுல பாட்டை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா எப்படிக் கேக்கும்? சின்ன வயசுலயே செவிடாயிட்ட" என்றார் அப்பா. அம்மா என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்தக் கிள்ளலுக்கு அர்த்தம் 'வாயை மூடு' என்பது உலகறிந்தது. மூடிக்கொண்டேன்.

அன்று தொடங்கியது ஃப்ரிட்ஜின் மருத்துவ வரலாறு. ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அப்பா கேட்பார், "இன்னும் இருக்கா?" அம்மா அவர் முகத்தைப் பார்ப்பாள். முகம் வாடியிருந்தால், "இன்னும் லேசா இருக்குங்க." முகம் தெளிந்திருந்தால், "இன்னைக்குத் தேவலைங்க." ஃப்ரிட்ஜைப் பார்க்கவே மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. அப்பா அப்போது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூடிரைவர் காதில்.

"இதோ, இப்ப நல்லாவே கேக்குது. விசில். வந்து கேளு."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஆமாங்க, எனக்கும் கேக்குதுங்க" என்றாள்.

மேலே மின்விசிறி மெல்லச் சுற்றி, நின்றது. அப்பா அதைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே விளக்கு எரியவில்லை. மூடினார். ஸ்க்ரூடிரைவரை மறுபடி வைத்துக் கேட்டார். செத்த மிஷின் விசிலடித்துக்கொண்டிருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

அப்பா ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பெட்டியில் போட்டார்.

அந்த வாரமே அப்பாவின் காதைக் காட்டப் போனோம். காது பரிசோதிக்கும் மேடம் நிதானமான ஆள். அப்பாவைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். அப்பா சத்தம் வராத நேரத்திலும் அமுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் மேடம் விளக்கினார்: சன்னமான சத்தங்களெல்லாம் காதில் விழுவது குறைந்துவிட்டது. அந்த விசில் வெளியிலிருந்து வரவில்லை, அதற்குப் பெயர் காது இரைச்சல், கம்ப்ரஸர் அறை தந்த பரிசு.

"காது மிஷின் போட்டா விசில் நின்னுடுமா, மேடம்?"

"நின்னுடும்னு நான் சொல்ல மாட்டேன் சார். இப்ப வெளிச்சத்தம் உள்ள வர்றதில்ல, அதனால அது முன்வரிசையில உக்காந்திருக்கு. நாலு சத்தம் உள்ள வந்தா அது பின்வரிசைக்குப் போயிடும். இருக்கும், ஆனா தொந்தரவு பண்ணாது. மூளை பழகறதுக்குக் கொஞ்ச வாரம் ஆகும். முதல்ல கொஞ்ச நேரம் போடுங்க, அப்புறம் கூட்டிக்கிட்டே போங்க. வீட்ல யாராவது எதிர்ல உக்காந்து சாதாரணமாப் பேசணும். அதுதான் நல்ல பயிற்சி."

சாதாரணமாகப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கொழிந்து நாளாகியிருந்தது. அம்மா லாண்டரிக் கடையில் கவுண்டரில் இருக்கிறாள். துணியை வாங்கும்போது சட்டைப்பை, பேண்ட் பையெல்லாம் துழாவி எடுத்து வைப்பது அவள் வேலை. முன்பெல்லாம் சாயங்காலம் அவளும் அப்பாவும் உட்கார்ந்து அன்றைய பாக்கெட் செய்திகளை வாசிப்பார்கள். வக்கீல் கோட்டில் பாதி தின்ற பிஸ்கட். கராத்தே வாத்தியார் பையில் குட்டி பொம்மை. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவர் காது மந்தமாக ஆக, அம்மா குரல் ஏறியது, கதை குறைந்தது. பிஸ்கட் கதையைக் கத்திச் சொன்னால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? கடைசியில் "சாப்பிட வாங்க", "தண்ணி வருது", "ஒண்ணும் இல்ல" என்ற மூன்றோடு நின்றது. அதுவும் எப்படிப்பட்ட குரலில்! எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்தால் மாடிவீட்டுக்காரர்தான் முதலில் வருத்தப்படுவார்.

காது மிஷினை மாட்டிய முதல் நாள், அம்மா எதிரில் உட்கார்ந்து பழைய பழக்கத்திலேயே, "எப்படிங்க இருக்கு!" என்றாள்.

அப்பா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஏன் இப்படிக் கத்துற?"

"இத்தனை நாளா இப்படித்தாங்க பேசினேன்!"

"என்கிட்டயா?"

அதற்குப் பிறகு அப்பாவுக்கு உலகம் தகரத்தால் செய்யப்பட்டிருப்பது தெரிந்தது. பேப்பர் புரட்டினால் கூரை பெயர்ந்தது. குழாயைத் திறந்தால் யாரோ தகரத்தில் பட்டாணியைக் கொட்டினார்கள். தன் குரல் வாளிக்குள்ளிருந்து வந்தது. பிஸ்கட்டை மெல்லும்போது நிறுத்தி, "இந்தச் சத்தம் வெளியில கேக்குதா?" என்றார்.

"எங்களுக்கு எப்பவும் கேக்கும்பா" என்றேன்.

"நீ நடக்கறதே லாரி மாதிரி இருக்கு. காலைத் தூக்கி வைடா, தடியா."

சொன்ன நேரத்துக்கு மாட்டுவார், நேரம் முடிந்ததும் பள்ளிக்கூட மணி அடித்த பிள்ளைபோலக் கழற்றி ஃப்ரிட்ஜ்மேல் டப்பாவில் வைப்பார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மேடம் இரண்டாம் தடவை கூப்பிட்டுத் தகரச் சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கிக் கொடுத்தார். பேப்பர் பேப்பரானது. விசில் முழுசாகப் போகவில்லை, ஆனால் மிஷின் மாட்டியிருக்கும் நேரத்தில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார் அப்பா.

மோசமானது வேறொன்று. அப்பா அம்மாவிடம் சத்தம் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

"டேய், வெளியில மழையா?" என்று என்னைக் கேட்பார். அம்மா ஜன்னல் பக்கத்திலேயே நிற்பாள். "டேய், கதவை யாராவது தட்டினாங்களா?" அம்மா கதவருகிலேயே இருப்பாள். மழையா என்று நான் அம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அப்பாவுக்குச் சொல்வேன். மூன்று பேருக்கு ஒரு மழை. அவர் கோபப்பட்டிருந்தால் அம்மா சமாளித்திருப்பாள். அவர் மரியாதையாக இருந்தார். அதுதான் அவளை ஆட்டிவிட்டது.

ஒருநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு கேட்டேன். "இல்லாத சத்தத்தை ஏம்மா இருக்குன்னு சொன்ன?"

அம்மா தரையைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு அவர் முகத்தை நீ பாக்கல. ஒரு சத்தத்தை ஒரு மனுஷன் மட்டும் தனியாக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். துணைக்கு இன்னொரு ஆள் வேணாமா?" துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "இப்ப நான் மழைன்னு சொன்னாகூட நம்பமாட்டேங்கிறார்."

"மழை பெய்யும்போது சொல்லிப்பாரு."

"போடா, விளையாட்டுப் பயலே."

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். அப்பா மிஷின் மாட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா வேலையிலிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். அப்போது ஃப்ரிட்ஜ் தன் வாழ்நாளிலேயே முதன்முறையாகச் சத்தம் போட்டது. மிகச் சன்னமாக, தகரத்தட்டில் குண்டூசி நடுங்குவதுபோல. எனக்கு நன்றாகவே கேட்டது. அம்மா ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டாள். என்னைப் பார்த்துக் கண்ணால், 'வேண்டாம்' என்றாள்.

அப்பா பேப்பரை இறக்கினார். தலையைச் சாய்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"டேய்..."

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திவிட்டாள்.

"ஆமாங்க. எனக்கும் கேக்குதுங்க."

அதே வார்த்தை. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முகம் சுண்டிவிட்டது. நான் அவசரமாக என் போனைப் படிக்க ஆரம்பித்தேன். போன் அணைந்திருந்தது.

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"கரண்ட் இருக்கா?"

"ஃபேன் சுத்துதுங்க."

அப்பா இரண்டு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். "விசில் இருக்கு. இன்னொண்ணு போயிடுச்சு." மாட்டினார். "வந்துடுச்சு." மறுபடி கழற்றினார், மறுபடி மாட்டினார். எந்த வால்வு ஒட்டவில்லை என்று கண்டுபிடிக்கும்போது வரும் முகம் அவருக்கு வந்திருந்தது. அதை நான் பார்த்து வெகுநாளாயிற்று.

"இது வெளியில இருக்கு" என்றார். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

பெட்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போனார். வழக்கம்போலக் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்தினார். காது மிஷின் கீச்சென்று கத்தியது. அப்பா துள்ளி, தலையைச் சுவரில் இடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவரையே பார்த்தபடி இருந்தார். அதை அவர் வேறு யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை. தொட்டதற்கு நான் உதை வாங்கியிருக்கிறேன்.

"இந்தா" என்றார். "நீ கேளு."

"நானாங்க?"

"உனக்குத்தான் கேக்குதே."

அம்மா இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு, அவர் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். அப்பா அவள் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி, கைப்பிடியை எலும்பில் வைத்து, முனையைத் தகட்டில் பொருத்தினார். அவள் கண்ணை மூடினாள்.

"இங்க இல்லைங்க. இங்கயும் இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ. ஐயோ, இங்கதாங்க, காதைக் கடிக்குது!"

அப்பா குனிந்து பார்த்தார். திருகாணி ஒன்று பாதி கழன்று, அதன் வளையம் தகட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. போன அறுவை சிகிச்சையில் அவரே சரியாக முடுக்காமல் விட்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மௌனத்தை அவர் ரசிக்கவில்லை.

"போய்ப் படிடா."

முடுக்கினார். சத்தம் நின்றது.

"போச்சா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"போச்சுங்க. சுத்தமாப் போச்சு."

"உள்ள இருக்கிறது இருக்கு" என்று தன் காதைத் தட்டினார்.

அம்மா கொஞ்சம் தயங்கினாள். "அது எனக்குக் கேக்கலைங்க."

"தெரியும்" என்றார் அப்பா.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில், தூசியில், முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"இன்னைக்கு யார் பாக்கெட்ல என்ன?" என்றார் அப்பா.

"ஒரு பெரிய மனுஷன் கோட்டுலங்க...!" என்று அம்மா தெருவுக்கே அறிவித்தாள். அப்பா கையைத் தாழ்த்தி, மெதுவா என்று காட்டினார். அவள் குரல் ஒருபடி இறங்கியது. அவர் கை இன்னும் தாழ்ந்தது. இன்னும் ஒருபடி.

பெரிய மனுஷன் கோட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் உதடு அசைவதும் அப்பாவின் தோள் குலுங்குவதும்தான் தெரிந்தது. மாடிவீட்டுக்காரருக்கும் கேட்டிருக்காது, பாவம்.