நாளிதழில் சுற்றிய குதிரைவால்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் உண்டான கதை இது. ஏப்ரலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுத எதுவுமே இருந்திருக்காது. இப்போது ஜூன். ஜப்பானில், இந்தக் கனாசாவா ஊரில் மழை விட்டபாடில்லை.

முதல் தொடக்கம்: ‘ஈரம் சொட்டும் அந்தத் தோட்டத்தில் குதிரைவால்* தன் ரகசியத்தை...’

செடிக்கு ஏது ரகசியம்? அடித்துவிட்டேன்.

(* நாம் சோறாக்கும் குதிரைவாலி இல்லை. இது இலையும் பூவும் இல்லாமல், கணுக்கணுவாக நிமிர்ந்து நிற்கும் பச்சைக் குழல்.)

2.

பக்கத்து வீடு ஹிசாயோ, எழுபது வயது. அவருக்கு அந்தப் பக்கம் குவபாரா. ஹிசாயோவின் கணவர் இறப்பதற்கு முந்திய வசந்தத்தில், கல்தொட்டியின் அருகே குதிரைவால் நட்டார். விட்டால் மண்ணுக்கடியில் தெருவையே வளைத்துவிடும் செடி என்று தெரிந்தவர், பெரிய மண்சாடிக்குள் வைத்துச் சாடியோடு புதைத்தார். போன குளிரில் சாடி விரிசல் விட்டிருக்க வேண்டும். வேர் வேலிக்கடியில் புகுந்து குவபாராவின் பாசித் தோட்டத்தில் தலைநீட்டியது.

அந்தப் பாசியை இருபத்தாறு வருடமாக இடுக்கியால் களை பொறுக்கி வளர்க்கிறவர் குவபாரா. வேறு ஊராக இருந்தால் வேலியோரம் ரகளையாகியிருக்கும். இவரோ முளைத்ததை அறுத்து, நாளிதழில் சுற்றி, கயிறு கட்டி, ஹிசாயோவின் வாசல் மணியை அடித்தார்.

“உங்க குதிரைவால் ரொம்ப நல்லா வளருதுங்க. எங்க பக்கம்கூட எட்டிப் பாக்குது.”

“அடடா, இவ்வளவு அழகாக் கட்டிக் கொண்டாந்திருக்கீங்களே!”

அது புகார். கொஞ்சம் அசிங்கமாகக் கட்டியிருந்தால் புரிந்திருக்கும். ஹிசாயோ பரிசு என்றே எடுத்துக்கொண்டார். பரிசு வந்தால் பதில் பரிசு போக வேண்டும். அரிசி முறுக்கு ஒரு பெட்டி போனது. அடுத்த வாரம் அடுத்த கட்டு, அடுத்த பெட்டி. மே மாதத்தில், மனிதருக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று, ஹிசாயோ ஒரு தொட்டி நிறையக் குதிரைவாலையே கொடுத்துவிட்டார்.

குவபாரா அதை நட்டார். பாசிக்கு நட்டநடுவில்.

3.

[இந்த இடத்தில் வாசகர் நம்ப மாட்டார். நானும் நம்பவில்லை. அதனால் அவரிடமே கேட்டேன்.]

“அதைப் போய் ஏங்க நட்டீங்க?”

“நடலைன்னா வேலி வழியாப் பாத்து மனசு நோவாங்களே.”

“ஒரு வார்த்தை சொல்லிட வேண்டியதுதானே?”

“மூணு மாசமா அதைத்தாங்க சொல்லிக்கிட்டிருக்கேன்!”

ஹிசாயோவிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவர் தேநீர் ஊற்றியபடி, “எங்க வீட்டுக்காரர் போனப்புறம் வாரம் தவறாம என் மணியை அடிக்கிறது அந்த மனுஷர் ஒருத்தர்தான், செண்பகம் சான். அதுவும் எங்கவரு வச்ச செடியையே ஏந்திக்கிட்டு” என்றார். (‘சான்’ இங்கே பெயரோடு ஒட்டும் மரியாதைச் சொல்.)

தேநீரைக் குடித்துவிட்டு வந்து அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இரக்கத்தால் சொல்லாமல் வந்தேன் என்று எழுத ஆசைதான். கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதனால் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

4.

இன்று காலை தெருவில் போனபோது, குவபாரா தன் வேலியோரம் பாசியருகே குந்தியிருந்தார்.

“நாளைக்கு ஜல்லி வண்டி வருதுங்க. பாசியைச் சுரண்டி எடுத்துடறேன். முட்டியும் முடியலை.”

“ஹிசாயோ சான்கிட்ட?”

“ஜல்லின்னா பராமரிப்பு சுலபம்னு சொல்லிக்கிறேன்.” சிரித்தார். கை மட்டும் பாசியைத் தடவிக்கொண்டே இருந்தது.

முடிவு அ: ஜல்லி கொட்டியாயிற்று. “எவ்வளவு சுத்தமா இருக்கு!” என்கிறார் ஹிசாயோ. அதன்பின் அவர் வாசல் மணி அடிக்கவே இல்லை. (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: நான் சொல்கிறேன். புதுச் சாடி வாங்கி, வேலியோரம் முழங்கால் ஆழத்துக்குத் தகடு இறக்குகிறோம். மூன்று பேருக்கு அரைநாள் வேலை. செடியும் இருக்கும், பாசியும் இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் எதுவும் முளைக்காவிட்டால், குவபாரா எதைக் கொண்டு

5.

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கவில்லை. சன்னல் வழியாக என் சிசோக்கீரைப் பாத்தி தெரிந்தது. நடுவில் ஒரு பச்சைக் குழல்.

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கறுத்த வேரில் ஒரு முழம் கூடவே வந்தது, மிச்சம் உள்ளேயே அறுந்து நின்றுவிட்டது. உள்ளே வந்து, இந்த ஊரில் பதினெட்டு வருடம் இருந்த பழக்கம், என் கை தானாக நாளிதழை எடுத்தது. ஒரு பக்கம் மடித்தும்விட்டேன்.

பிறகு பிரித்துப் போட்டேன்.

சேறும் வேருமாக இதைக் கையில் பிடித்தபடி ஹிசாயோவின் வீட்டுக்குக் கிளம்புகிறேன். வெளியூர்க்காரிக்குப் பேசத் தெரியாது என்று நினைத்தால் நினைக்கட்டும். கதை கெட்டாலும் பாசி பிழைக்கட்டும்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன். அவர் அழலாம், கோபிக்கலாம், எல்லாம் தெரியும் என்று சொல்லி என்னை அசடாக்கலாம். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அடுத்த வாரம் குவபாரா வெறுங்கையோடு வந்து அந்த மணியை அடிக்கட்டும்.