துப்பாக்கி இல்லாத கெரில்லாப் படை

அம்பி வெறுங்கையோடு வந்து நின்றபோது நீரஜா ஒப்பனை அறையில் பச்சைச் சால்வைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கலையரங்கம் அது. ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே முறுக்கு விற்கிறவர் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"துப்பாக்கியெல்லாம் எங்கே?" என்றாள்.

"போலீஸ் பிடிச்சுண்டு போயிட்டா" என்றான் அம்பி.

சைதாப்பேட்டைத் தச்சர் ஒருவர் செதுக்கிக் கொடுத்த மரத்துப்பாக்கிகள் அவை. பூட்ஸ் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் அசல் இரும்பு மாதிரியே மின்னின. அம்பி அவற்றைப் பழைய புடவையில் சுற்றி சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி வந்திருக்கிறான். பாலத்தில் குலுங்கிய குலுங்கலில் புடவை விலகி, ஒரு குழாய் வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. அதைப் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார்.

"மரம்னு எவ்வளவோ சொன்னேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டுத்தான் தருவாளாம். என்னை விட்டதே பெரிசு."

அது எழுபத்திரண்டாம் வருஷம். பேப்பரைப் பிரித்தால் பெல்ஃபாஸ்டில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கும் ஐரிஷ்காரர்களுக்கும் சண்டை என்று ஒரு மூலையிலாவது இருக்கும். அதைப் படித்துப் படித்துத்தான் சுயம்புலிங்கத்துக்கு நாடகம் எழுதுகிற ஆசை வந்தது. இப்போதைய சண்டையைத் தொட்டால் வம்பு என்று, அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால் அதே ஐரிஷ் நாட்டில் பிரிட்டிஷாரை எதிர்த்து நடந்த கெரில்லா யுத்தத்தை எடுத்துக்கொண்டார். உஸ்மான் ரோட்டில் அவர் அப்பாவுக்குத் துணிக்கடை. பகலெல்லாம் மல்லும் பாப்ளினும் கிழித்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலத்தில் வசனம் எழுதுவார். எழுதினால் நிறுத்தத் தெரியாது.

நீரஜா மயிலாப்பூர்ப் பெண். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாடகத்தில் அவளுக்கு நோரா என்கிற தூதுக்காரி வேஷம், மூன்றே வசனம். அந்த மூன்று வசனத்துக்காக அவள் கன்னிமரா லைப்ரரிக்குப் போய் புஸ்தகம் புஸ்தகமாகப் படித்தாள். படித்ததுதான் தப்பாகப் போயிற்று. ஒத்திகைக்கு ஒத்திகை சுயம்புலிங்கத்தோடு தகராறு.

"சார், அவாளெல்லாம் பத்துப் பேர் இருபது பேரா மலையிலே ஒளிஞ்சிருந்து அடிப்பா. ரோட்டிலே மரத்தை வெட்டிப் போட்டு லாரியை நிறுத்துவா. ரெண்டு பக்கத்திலேர்ந்தும் சுட்டுட்டு, பட்டாளம் சுதாரிக்கிறதுக்குள்ளே காணாமப் போயிடுவா. நீங்க என்னடான்னா லாரிக்கு எதிரே நின்னுண்டு ஒரு பக்கத்துக்கு வசனம் பேசறேள்."

"ஜனங்க கைதட்ட வேண்டாமா நீரஜாம்மா? ஓடிப்போறவனுக்கு எவன் தட்டுவான்?" என்பார் அவர்.

இப்போது அதே சுயம்புலிங்கம், தலைவன் வேஷத்தில் தொப்பியும் மழைக்கோட்டுமாக வந்து நின்று விஷயத்தைக் கேட்டார். முகத்தில் பூசியிருந்த ரோஸ் பவுடருக்கு அடியில் நிறம் மாறியது.

"எங்க அப்பா வந்து முத வரிசையில உக்காந்திருக்காரு" என்றார் மெல்ல. "இன்னைக்குத்தான் முத முதலா வந்திருக்காரு. நாடகம் கீடகம்னு திரியுதானேன்னு ஏசிக்கிட்டே இருந்த மனுசன். நான் வெறுங்கையோட போயி நின்னா என்ன நெனைப்பாரு?"

பட்டாளத்துக்காரர்களின் துப்பாக்கிகள் மட்டும் வந்திருந்தன. பிரிட்டிஷ் கேப்டனாக நடிக்கிற கருணாகரன் அவற்றைத் தன் காரில், காக்கி உடுப்புகளோடு கொண்டுவந்திருந்தார். புரட்சிக்காரர் பக்கம் இருந்தது ஒரே ஒரு ரிவால்வர். அதுவும் சால்வைக்குள்ளிருந்து சட்டென்று எடுத்துப் பழக நீரஜா வீட்டுக்குக் கொண்டுபோயிருந்ததால் தப்பியது.

"ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கலாம்" என்றான் அம்பி.

"அப்ப என் படை பாதி வெறுங்கையோட நிக்கணுமா? பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் சார் அது" என்றார் கருணாகரன்.

நீரஜா ஊக்கை வாயிலிருந்து எடுத்தாள்.

"பிரிக்க வேண்டாம். அவாகிட்டயே இருக்கட்டும். நாம பிடுங்கிக்கலாம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நெஜமாவே அப்படித்தான் சார் நடந்தது. ஆரம்பத்திலே அவாகிட்ட துப்பாக்கியே பத்தாது. பந்தாட்ட மட்டையைத் தோள்லே வெச்சுண்டு டிரில் பண்ணியிருக்கா. போலீஸ் கொட்டடியைத் தாக்கி, அங்கே இருக்கறதை எடுத்துண்டு வருவா. அதை வெச்சுண்டு அடுத்த இடம். ஒவ்வொரு சீனா நம்ம கையும் நிறையட்டும்."

சுயம்புலிங்கம் யோசித்தார். "முதல் சீன்ல என்ன பண்ணுதது?"

அரங்கத்தைப் பெருக்குகிற வேலம்மா மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த நீளக் கம்புத் துடைப்பத்தை நீரஜா பார்த்தாள். "இன்னும் எத்தினி வோணும்?" என்று கேட்டுவிட்டு வேலம்மா கொண்டுவரப் போய்விட்டாள்.

மணி அடித்தது. திரை விலகியது.

நீரஜா சைக்கிளை உருட்டிக்கொண்டு மேடைக்குப் போனாள். சுவரில்லாமல் சட்டம் மட்டும் நிறுத்தியிருந்த வீட்டு ஜன்னலுக்குப் பின்னால், அரை வெளிச்சத்தில், துடைப்பக் கம்புகள் துப்பாக்கிக் குழாய் மாதிரி வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. எதிரே போலீஸ் கொட்டடி. காவலுக்கு இரண்டு பேர். அவள் சால்வைக்குள்ளிருந்து ரிவால்வரை எடுத்தாள்.

"திரும்பிப் பார்க்காதீர்கள். உங்களைச் சுற்றி ஐம்பது பேர் இருக்கிறார்கள்."

காவல்காரர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள், கம்புகளைப் பார்த்தார்கள், துப்பாக்கியைக் கீழே போட்டார்கள். மறைவிலிருந்து சுயம்புலிங்கமும் அம்பியும் துடைப்பத்தோடு வெளியே வந்து, துடைப்பத்தைக் காவல்காரர் கையில் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார். அது அப்படியே முன்னால் வரை பரவிக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் ஜனங்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. காக்கி உடுப்போடு எவன் மேடைக்கு வந்தாலும், அவன் கையிலிருப்பது எப்போது இந்தப் பக்கம் வரும் என்று காத்திருந்தார்கள். வந்ததும் தட்டினார்கள். கருணாகரன் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் விறைப்பாக நடந்து வந்து, இன்னும் கொஞ்சம் அசட்டுத்தனமாகப் பறிகொடுத்தார். சாம்ராஜ்யத்தைப் பற்றிப் பேசியவர் அவர்தான், ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்கக் கேட்க அவரும் ருசி கண்டுவிட்டார்.

கடைசியில் லாரி சீன். அட்டையில் செய்த லாரி முகப்பு, இரண்டு டார்ச் விளக்கோடு உருண்டு வந்தது. குறுக்கே சவுக்கு மரம் சாய்ந்தது. சுடுகிற சத்தத்துக்கு உள்ளே பட்டாசு வெடித்தார்கள். நீரஜா சொன்னபடி இனி ஓட வேண்டியதுதான். ஆனால் சுயம்புலிங்கம் ஓடவில்லை. முதல் வரிசையில் அப்பாவைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்தி, "ஏ பிரிட்டிஷ் பட்டாளமே" என்று ஆரம்பித்துவிட்டார்.

நீரஜா அவர் மழைக்கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தாள். "சார், போகணும்."

"என் தாய்த் திருநாட்டின் மலைகளும்..."

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. நிஜமான போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவர், தோளில் புடவைச் சுருட்டலோடு, படியேறி நேராக மேடைக்கே வந்துவிட்டார். விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டதும் திகைத்து நின்றார்.

"இங்க அம்பின்னு யாருபா?"

சுயம்புலிங்கத்துக்கு மலைகளுக்கு அப்புறம் என்ன என்று மறந்துபோனது. அம்பி லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

நீரஜாவுக்கு என்ன தோன்றியதோ, ரிவால்வரை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்கள் தனியாக வந்தது தவறு. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்."

கான்ஸ்டபிள் அவளைப் பார்த்தார். அவ்வளவு ஜனத்தையும் பார்த்தார். சுருட்டலை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். புடவை பிரிந்து மின்னுகிற துப்பாக்கிகள் வெளியே வர, படை முழுவதும் ஆளுக்கொன்றாக அள்ளிக்கொண்டது. "கைதியைக் கொண்டுபோங்கள்" என்றாள் நீரஜா. இந்தத் தடவை சுயம்புலிங்கமும் ஓடினார்.

நாடகம் முடிந்து உள்ளே வந்தபோது கான்ஸ்டபிள் ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பெயர் துரைராஜ் என்றார். நீரஜா போய் மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்லம்மா. இன்ஸ்பெக்டரு ஒரு துப்பாக்கிய தட்டிப் பாத்தாரு, பாலிஷ் கையில ஒட்டிக்கிச்சு. போய்க் குட்த்துட்டு வாடான்னாரு. வந்தா மேலயே ஏறிட்டேன். எதுத்துக்கினு நின்னா நாடகம் கெட்டுடும்ல? அதான் தூக்கினேன்." காபியை ஒரு வாய் குடித்தார். "நல்லா தூக்கினேனா?"

"ரொம்ப நன்னாத் தூக்கினேள்" என்றாள் அவள்.

சுயம்புலிங்கத்தின் அப்பா வெள்ளைச்சாமி உள்ளே வந்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில என்னமோ மலை மலைன்னியே, அதை வெட்டிரு." நீரஜாவைப் பார்த்து, "இதெல்லாம் யாரு யோசனை, உன்னோடதா தாயி?" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் சுயம்புலிங்கம், "அவங்களோடதுதாம்ப்பா" என்றார். அவர் அதை அவ்வளவு சீக்கிரம் சொல்லுவார் என்று நீரஜா எதிர்பார்க்கவில்லை. மூன்று மாதத் தகராறு அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோனது போலிருந்தது. அடுத்த நாடகத்தை இரண்டு பேருமாக எழுதலாமா என்று அவரே கேட்டார். வசனத்தை அவள் குறைப்பதாக இருந்தால் சரி என்றாள்.

மறு மாதம் மயிலாப்பூரில் ஒரு சபாவில் கூப்பிட்டார்கள். துரைராஜ் இல்லாமல் நாடகம் போடுவதற்கு யாருக்கும் மனசில்லை. கேட்டனுப்பினார்கள். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, மனைவி முனியம்மாளையும் அழைத்துக்கொண்டு வந்தார். தன் உடுப்பு வேண்டாம், பட்டாளத்து உடுப்பே கொடுங்கள் என்றார். கருணாகரன் இருந்ததிலேயே பெரிய மெடலாகப் பார்த்து அவர் சட்டையில் குத்திவிட்டார்.

அன்றைக்கு மேடைக்கு வந்த துரைராஜ் லேசில் சரணடையவில்லை. நீரஜா கையைத் தூக்கச் சொன்னதும், எதிரே மூன்றாவது வரிசையில் முனியம்மாள் பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு, "தூக்கலன்னா இன்னா பண்ணுவே?" என்று கேட்டார். எழுதாத வசனம். நீரஜா அசரவில்லை. "தூக்கும் வரை காத்திருப்போம். எங்களுக்கு அவசரமில்லை" என்றாள். மூன்றாவது வரிசையிலிருந்து முனியம்மாளின் குரல்தான் கேட்டது.

"தூக்கேன்யா, அந்தப் பொண்ணு எவ்ளோ நேரம் நிக்கும்?"

துரைராஜ் தூக்கினார்.