நானூறு டிகிரிக்கு உகந்த துக்கம்

அந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், இருநூறு டிகிரியைத் தாண்டிய பம்புகளுக்கு எண்ணெய் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீலை மனித உணர்வுகளைக் கொண்டே செய்தார்கள். ரப்பர் அந்தச் சூட்டில் கருகிப் பொடிந்துவிடும். பொறாமை இருநூற்றைம்பது வரை நிற்கும். கோபம் முந்நூறு வரை உழைத்து, அதற்குமேல் விரிசல் விடும். நானூறு டிகிரி எண்ணெயை, ஊழித்தீயே வந்து சூழ்ந்தாலும், ஒரு துளி சிந்தாமல் காக்க வல்லது துக்கம் ஒன்றே.

சீல் என்பது இரண்டு வளையங்கள். ஒன்று பம்பின் சுழல்தண்டோடு சேர்ந்து சுழலும். மற்றொன்று அசையாமல் அதன் முகத்தோடு முகம் பதித்து நிற்கும். துக்கத்தோடு துக்கம் உரசினால் இரண்டும் பற்றிக்கொள்ளும். ஆகவே துக்கத்துக்கு எதிரே, சற்று மென்மையான குற்றவுணர்வை வைப்பது அவ்வாலையின் மரபு. இரண்டும் ஒரே சாவில் பிறந்தவையாக இருந்தால்தான் பொருத்தம் அமையும். கொடுத்தவரிடம் அந்த உணர்வு பிறகு மிஞ்சாது.

பொருள் தேர்ந்து கொடுக்கும் பொறுப்பு திலகவதிக்கு. விடியலில் நீராடி, நீறணிந்து, பதிகம் ஓதிய வாயோடுதான் ஆலைக்குள் நுழைவாள். தன் கணவர் பஞ்சநதத்தைப் பற்றிய துக்கத்தை மட்டும் அவள் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் கொடுக்காமல் காத்துவந்தாள். அடியில் தங்கும் நானூறு டிகிரிக் கசண்டு எண்ணெயை இறைக்கும் பம்பின் சீல் பிளந்து, எண்ணெய் பீறிட்டு, நின்ற நிலையிலேயே அவர் எரிந்துபோனார். அன்று அந்தப் பம்புக்குக் கோபத்தைப் போடச் சொன்னவர் மேலாளர் தாண்டவமூர்த்தி. துக்கம் வந்து சேர நாளாகும், கோபம் கைவசம் இருக்கிறது என்று எண்ணிவிட்டார். அதுமுதல் அவர் மதிய உணவைப் பாதியிலேயே மூடிவைப்பார். அதைத் தினமும் பார்ப்பது திலகவதிக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது அதே பம்பு மீண்டும் சொட்டியது. துளி விழுந்த இடமெல்லாம் புகைந்தது.

"ஸ்டோர்ல துக்கமே இல்லையா சார்?"

"இருக்கும்மா. எல்லாம் மாமனார் செத்த துக்கம். நூத்தம்பது டிகிரியிலேயே இளகிடுது," என்றார் தாண்டவமூர்த்தி.

"பாதி, சொத்து வந்த சந்தோஷம் சார். கலப்படம்," என்றான் ஃபிட்டர் கலியன், பம்பின் அருகிலிருந்தபடியே. அவன் கைகள் அதன் மூடியின் மேல் இருந்தன.

"உங்க குற்றவுணர்வு?" என்று மேலாளரைக் கேட்டாள் திலகவதி.

"என்னோடது தயார். ஜோடிதான் இல்லை."

"கொடுத்துட்டா உங்களுக்குத் தூக்கம் வருமா?"

"வரும்மா."

"முழுசாச் சாப்பிடுவீங்க?"

அவர் பொய் சொல்லும் வழக்கமில்லாதவர். "சாப்பிடுவேன்."

அவளுக்கு அது பொறுக்கவில்லை. அவரை விடுவிக்க மனமில்லை. பஞ்சநதத்தின்பொருட்டு அவளிடம் எஞ்சியிருந்ததும் அந்தத் துக்கம் ஒன்றுதான். கலியனின் சட்டைக் கையில் ஒரு துளி தெறித்து, துணி கருகும் வாசனை எழுந்தது. அவன் உதறிவிட்டு மறுபடியும் மூடியைப் பிடித்துக்கொண்டான்.

"எடுத்துக்குங்க," என்றாள்.

அவளுடைய துக்கத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். தாண்டவமூர்த்தியின் குற்றவுணர்வில் ஓரிரு கொப்புளங்கள் தென்பட்டன. பாதகமில்லை என்று அவளே ஒப்புதல் அளித்தாள். பூட்டியபின் பம்பு சீராக ஓடியது. சொட்டு நின்றது. தாண்டவமூர்த்தி டிபன் பாக்ஸைத் திறந்து, கொஞ்சம் ஊறுகாய் கேட்டார். அவள் தன்னுடையதை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.

பிற்பகலில் பஞ்சநதம் ஆலை வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"எனக்காக அழறதுக்கு இனி ஆள் இல்லைன்னு அங்கேருந்து திருப்பி அனுப்பிட்டாங்க, திலகம்," என்றார்.

"உள்ளே வாங்க. ஹெல்மெட் போட்டுக்குங்க."

பழைய அடையாள அட்டை செல்லாது என்பதால் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். மாலை ஷிப்டில் ஆள் குறைவாக இருந்தது. அவரை அந்தப் பம்பின் அருகிலேயே நிறுத்தினார்கள்.