பல்லால் கடித்த நூல்

தையற்காரருக்குக் கத்தரிக்கோல் துணி வெட்டத்தான். நூலை அறுக்கத்தான் பல் இருக்கிறதே! தைத்து முடித்ததும் குனிந்து நறுக்கென்று ஒரு கடி. "உங்க பல்லுக்குத்தான் முதல்ல சாணை பிடிக்கணும்" என்று மனைவி கேலி செய்வாள். புது நோய் வந்து ஊரே முகத்தை மூடிக்கொண்டதில் சட்டை தைக்க ஆளில்லாமல் போய், கடை முழுக்க மாஸ்க்காகக் குவிந்தது. அதையும் பல்லால்தான் கடித்தார் மனுஷன்.

ஒருநாள் உடம்பு கணகணவென்றிருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டார். மதியம் இஸ்திரிப் பெட்டி துணியைப் பொசுக்க, "என்ன தீயுது?" என்று மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். பக்கத்திலேயே நின்றவருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. இதைத்தானே டிவியில் நாள் முழுக்கச் சொல்கிறார்கள்! ஆனால் வெளியே சொன்னால் கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். வெறும் சளிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை புருஷன் வந்தான். பஸ் ஓட்டுகிறவன்.

"மச்சான், டூட்டிக்கு நேரமாச்சு. காது வலிக்காத மாதிரி ஒண்ணு குடுங்க."

கையிலிருந்ததன் நூலைக் கடித்து அப்படியே நீட்டினார். அவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். 'துவைச்சுப் போடுங்க மாப்பிள்ளை' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது, வெளியே வரவில்லை. பாவி, அதைச் சொல்ல என்ன கேடு?

அடுத்த வாரம் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு கிடந்தான். தையற்காரருக்கோ காய்ச்சல் விட்டு, வாசனைகூடத் திரும்பிவிட்டது. தங்கை தினமும் போனில் அழுதாள்.

"எவனோ வியாதியை வச்சுக்கிட்டே பஸ்ல ஏறியிருக்கான்ணா. அவன் வெளங்குவானா?"

"வெளங்க மாட்டாம்மா" என்பார். அந்தச் சாபமெல்லாம் தனக்குத்தான் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டார். அன்றன்றைக்கு அது ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

பிறகு ஒருநாள் போனை எடுத்ததுமே அவள் சிரிப்பு கேட்டது.

"அண்ணா, ஆக்ஸிஜனை எடுத்துட்டாங்க! நாளைக்கு வீட்டுக்கு வராரு. உன் மாஸ்க் இல்லேன்னா போயே சேர்ந்திருப்பேன்னு சொல்றாருண்ணா. எல்லாம் உன் புண்ணியம். அதே மாதிரி இன்னொண்ணு வேணுமாம்ணா!"

திட்டைத் தாங்கினவரால் இதைத் தாங்க முடியவில்லை.

"அந்தப் பாவி பஸ்ல ஏறலைம்மா. நான்தான்" என்றார். காய்ச்சல், தீய்ந்த துணி, கடித்துக் கொடுத்த நூல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"ரெண்டு திட்டு திட்டும்மா" என்று கெஞ்சினார்.

அவள் திட்டவில்லை. வாய்க்கு வாய் அண்ணா என்பவள், இப்போது அதையும் சொல்லவில்லை.

"துணியை மட்டும் குடுத்தனுப்பு. நானே தைச்சுக்கறேன்."