நண்டு, ஆமை, பன்னீர்செல்வத்தின் டீ

பல்லவர்களுக்கு அடுத்தபடியாக மாமல்லபுரத்துக் கல்லில் நிற்கப் போவது தன்னுடைய நண்டுதான் என்று ஹேமந்த் கல்லூரி கேன்டீனில் அறிவித்தான். எதையும் சிரிக்காமல் சொல்லக்கூடியவன் அவன். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ஹாஸ்டல் சாம்பாருக்கு இரங்கல் கூட்டம் நடத்தியவன். ஆனால் இந்த முறை உள்ளுக்குள்ளும் சிரிக்கவில்லை. ஆசை அப்படி.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் காகிதம் மடிக்கும் சங்கம் என்று ஒன்று உண்டு. முதல்வரின் இடுப்பில் மட்டும் செல்போன் தொங்கிய காலம். மற்றவர்களுக்குப் பொழுதுபோகக் காகிதம்தான் இருந்தது. சங்கம் சிநேகமாக ஒரு போட்டி வைத்தது. ஜெயிக்கிற உருவத்தை உள்ளங்கை அளவு மாக்கல்லில் செதுக்கித் தருவதாக மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருந்த பன்னீர்செல்வம் ஒப்புக்கொண்டிருந்தார். நடுவரும் அவரேதான்.

ஹேமந்தின் நண்டு, பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்த ஒரு சாயங்காலம் அவன் விரல்களில் தானாக வந்தது. ஒரே காகிதம். எட்டுக் கால், இரண்டு கொடுக்கு. லேசாகச் சாய்ந்து, யாரையோ முறைத்துக்கொண்டு நின்றது. லேப் ரெக்கார்டு முதல் காதல் கடிதம்வரை எதையும் அடுத்தவனைப் பார்த்தே எழுதிப் பழகியவனுக்கு, முழுக்க முழுக்கத் தானே செய்த முதல் பொருள் அது. அது கல்லாகியே தீர வேண்டும்.

விதிமுறைக் கூட்டத்தைச் செயலாளர் பிரதீபா கூட்டினாள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் பெண். தண்ணீர் பாட்டிலைக்கூட மேஜை விளிம்புக்கு நேராக வைப்பவள்.

“ஒரே சதுரக் காகிதம். கத்தரி கூடாது, கோந்து கூடாது” என்று வாசித்தாள்.

“எச்சில்?” என்றான் ஹேமந்த்.

“டேய்!”

“சட்ட சந்தேகம், செக்ரட்டரி மேடம். கண்டக்டரு எச்ச தொட்டுத்தான் டிக்கெட்டு கிழிக்கறாரு. அது கோந்தா, இல்ல அவரோட உரிமையா?”

இதன்மேல் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வெகுநேரம் மோதியது. விரலைத் தண்ணீரில் நனைக்கலாம், வாயில் வைக்கக் கூடாது என்று கடைசியில் தீர்ப்பானது.

“உருவம் தானா நிக்கணும்” என்று அடுத்ததை வாசித்தாள்.

“எம்மா நேரம்?” என்று பதறினான் ஆதித்யா. ஹேமந்தின் பக்கத்து பெஞ்சுக்காரன். அவன் மடித்த கொக்கு எதுவும் இதுவரை நின்றதில்லை.

“நடுவரு டீ குடிச்சு முடிக்கற வரிக்கும்” என்றான் ஹேமந்த். “ஃபேனு ஓடணும். அதயும் எழுதிக்க.”

கிண்டல்தான். பிரதீபா எழுதிக்கொண்டாள். “நல்ல விதி. எல்லாருக்கும் ஒரே டீ.”

பிறகு ஐந்தாவது விதி வந்தது. போட்டிக்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் வடிவத்தை, சீட்டில் பெயர் விழுகிற இன்னொரு போட்டியாளருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் அதை முழுசாக மடித்துக் காட்டினால்தான் வடிவம் போட்டியில் சேரும்.

ஹேமந்த் எழுந்தே நின்றுவிட்டான். “எனக்கு எந்தப் பந்து ஆகாதுன்னு எதிர் டீம் பவுலரு வூட்டுக்குப் போயி பாடம் எடுக்கணுமா? கலைஞன்றவன் ஒரு தபா செஞ்சத மறுதபா செய்யமாட்டான். சொல்லிக் குடுக்கறதுக்கு இது இன்னா, ரசப்பொடியா?”

“ஒரு தடவ மட்டும் வந்தா அது விபத்துடா” என்றாள் பிரதீபா. “இன்னொருத்தர் கைக்கும் வந்தாத்தான் டிசைன்.”

கைதட்டல் அவளுக்குப் போனது. அந்த வாரச் சுவர்ப் பத்திரிகையில், எதிரிக்கு வாள் வீசக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போருக்குப் போன ஒரு மன்னரைப் பற்றிக் கட்டுரை வந்தது. ஆசிரியர் பெயர் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை.

சீட்டில் ஹேமந்துக்குப் பிரிசில்லா விழுந்தாள். செய்யூர்ப் பெண், இரண்டாம் வருஷம். அவளுடைய வடிவம் கரையேறும் ஆமை. அதுதான் நண்டுக்கு நிஜமான எதிரி என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கேன்டீன் மூலையில் உட்கார்ந்து, விதியை மீறாமல் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகச் சொல்லிக்கொடுத்தான் ஹேமந்த்.

“இந்த எடத்துல எதுக்குண்ணா உள்ள தள்றீங்க?”

“தோணுச்சு, தள்னேன்.”

“தள்ளாட்டி இன்னா ஆவும்?”

அவனுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அடுத்த மடிப்பே மறந்துபோனது. பிரிசில்லா அசல் நண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள்ளே ஒரு பூட்டு இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். உள்ளே தள்ளிய முனைதான் எட்டுக் காலையும் பிடித்துக்கொண்டிருந்தது. தான் கண்ட ஒவ்வொரு மடிப்புக்கும் பெயரும் வைத்தாள்: சட்டைக் காலர், பாய்ச் சுருட்டு, கொல்லைத் தாழ்ப்பாள்.

“இன்னாம்மா இது, வாடகைக்கு வூடு பாக்கற மாதிரி பேரு” என்றான் ஹேமந்த்.

“பேரு வெச்சா மறக்காதுண்ணா.”

அவள் மடித்த நண்டு முறைத்துக்கொண்டு நின்றது. ஹேமந்த் தன் நண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்; எது தன்னுடையது என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பஸ் கூட்டத்தில் நசுங்காமல் நண்டை மாமல்லபுரம் கொண்டுபோவது எப்படி என்று யோசித்தவன், வீட்டுத் தூக்குக் கேரியரின் அடித்தட்டில் அதைக் குடிவைத்தான். எவர்சில்வர் கோட்டை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பட்டினி கிடப்பானே என்று அவன் அம்மா மேல்தட்டில் சுடச்சுட இட்லியும் சாம்பாரும் வைத்து மூடியதை அவன் தடுக்கவில்லை. இரண்டு காரியமும் நல்ல காரியம்தானே.

பட்டறைக் கொட்டகையில் கேரியரைத் திறந்தபோது, நண்டு எட்டுக் காலையும் பரப்பிக்கொண்டு, துவைத்துப் பிழியாத கைக்குட்டை மாதிரி கிடந்தது.

“கடக்காத்து” என்றான் ஹேமந்த். “உப்பு ஈரம். பேப்பருக்கு ஆவாது.”

பிரதீபா குனிந்து முகர்ந்தாள். “கடல்ல முருங்கக்கா போட்டிருக்காங்களா?”

இருந்தாலும் விதி அவனுக்கு இடம் கொடுத்தது. டீ வருவதற்குள் புதுக் காகிதத்தில் மடித்து நிறுத்தலாம். பிரதீபா தாளை நீட்டினாள். பன்னீர்செல்வத்தின் ஆள் தூக்குச்சட்டியோடு டீக்கடைக்குக் கிளம்பினான்.

பாதி வரைக்கும் விரல்கள் தானாகப் போயின. பிறகு நின்றன. காகிதத்தைத் திருப்பினான். கவிழ்த்தான். விரலைத் தண்ணீரில் நனைத்தான். வாய்க்குப் போகப் பார்த்த விரலைப் பாதியில் தடுத்தான். பரீட்சைக்குப் படிக்காத அந்தச் சாயங்காலம் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. கையில் இருந்தது கால் முளைக்காத ஒரு பொட்டலம். அதைக் கல்லில் செதுக்கினால் இஞ்சி மரப்பா என்பார்கள்.

பக்கத்தில் பிரிசில்லாவின் ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். மாக்கல் அவளுக்குத்தான்.

“காலர் முடிஞ்சிட்ச்சிண்ணா” என்றாள் மெதுவாக. “இப்ப பாய்ச் சுருட்டு.”

ஹேமந்த் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பிரதீபாவைப் பார்த்தான்.

“சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு விதி இல்ல. குடுக்கணும்னுதான் இருக்கு” என்றாள் பிரதீபா.

பாய்ச் சுருட்டு வந்தது. பிறகு கொல்லைத் தாழ்ப்பாள். “உள்ள தள்ளுங்க. இன்னும். ஆங், இப்ப உடுங்க.” விட்டான். எட்டுக் காலும் மேஜையைத் தொட்டன. லேசாகச் சாய்ந்து, யாரையோ முறைத்துக்கொண்டு, அவனுடைய நண்டு நின்றது. ஹேமந்த் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனிடம் தயாராக இருந்த வாக்கியங்கள் எல்லாமே நக்கல் வாக்கியங்கள். ஒன்றும் பொருந்தவில்லை.

“தேங்க்ஸ்மா” என்றான் கடைசியில். குரல் அவனுக்கே புதுசாக இருந்தது.

டீ வந்தது. கல்தூசியை விரட்டுகிற பெரிய ஃபேனை மேஜைப் பக்கம் திருப்பினார்கள். ஆதித்யாவின் கொக்கு முதல் சுற்றிலேயே பறந்தது. கொக்கு பறந்ததற்கு மதிப்பெண் கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை. பன்னீர்செல்வம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை.

“சார், டீ” என்றான் ஹேமந்த்.

“ஆறட்டும்பா. சூடா குட்ச்சா பல்லு கூசும் எனுக்கு.”

இந்த விதியைப் போட்ட மேதையை ஹேமந்த் மனசுக்குள் திட்டினான். நண்டின் ஒரு கால் காற்றில் துடித்தது. தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது. கடைசி மடக்கு இறங்கியபோது மேஜைமேல் நின்றவை இரண்டுதான்.

பன்னீர்செல்வம் நண்டைத்தான் முதலில் எடுத்தார். “இன்னாமா மொறைக்கிது பாரு! ஆனா தம்பி, கல்லுல இம்மாம் மெல்லிசா காலு வராது. உளி பட்டா ஒடஞ்சிபூடும். ஆமைதான் கல்லுக்குன்னே பொறந்தா மாதிரி கீது.”

அவ்வளவுதான். பல்லவர்களுக்கு அடுத்து ஆமை.

வலிக்கும் என்று காத்திருந்தான் ஹேமந்த். வலித்தது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. மேல்தட்டு இட்லி அத்தனையையும் பிரிசில்லாவின் முன்னால் வைத்தான். “இந்த இட்லி பண்ண பாவத்துக்கு நீதான் தண்டன குடுக்கணும்.” அவள் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தாள். சாம்பார் நன்றாக இருப்பதாகப் பன்னீர்செல்வம் இரண்டு முறை சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஆதித்யா தோளை இடித்தான்.

“மச்சான், அந்த நண்டுக் காலு மட்டும் எப்புட்றா நிக்குது?”

“அடுத்த வர்ஷமும் போட்டி கீதுடா.”

“அதுக்குத்தான் கேக்கறேன்.”

ஹேமந்த் எட்டி முன் சீட்டைப் பார்த்தான். பிரதீபா கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிரிசில்லா காகித ஆமையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தாள். சட்டைப்பையிலிருந்து போட்டி விதிமுறைத் தாளை எடுத்து, நகத்தால் கீறிச் சதுரமாகக் கிழித்தான்.

“சத்தம் போடாத” என்றான். “மொதல்ல சட்டக் காலரு. அவசரப்படாத, மெதுவா. இத எதுக்கு உள்ள தள்றோம்னா…”